இரண்டாவது டேட்டா சென்டர்

பிரிட்டனின் டிஎஸ்பி (TSB) வங்கி 2018 ஏப்ரலில் செய்த மைக்ரேஷனில், அதாவது பழைய கணினி அமைப்பிலிருந்து புதியதற்கு மாறியதில், என்னை இன்னும் உறுத்துவது ஒரே முடிவுதான். டேட்டா சென்டர்கள் இரண்டு. லோடு டெஸ்ட், அதாவது எவ்வளவு சுமை தாங்கும் என்ற சோதனை, நடந்தது ஒன்றில் மட்டும்.

லைவில், அதாவது உண்மையான வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும்போது, இரண்டும் சேர்ந்தே சுமையைத் தாங்க வேண்டும். ஐம்பது லட்சத்துக்கும் மேலான வாடிக்கையாளர்கள், முன்பு டிஎஸ்பியின் உரிமையாளராக இருந்த லாய்ட்ஸ் வங்கியின் சிஸ்டத்திலிருந்து ஒரே வார இறுதியில் புதிய தளத்துக்கு மாறினார்கள். இரண்டு சென்டர்களின் கான்ஃபிகரேஷனும் ஒத்துப்போகவில்லை. பலருக்கு லாகின் ஆகவில்லை. சிலருக்கு அடுத்தவர் கணக்கே திரையில் தெரிந்தது. 2022 டிசம்பரில் விதிக்கப்பட்ட அபராதம் 4.865 கோடி பவுண்டு.

அந்த முடிவை முட்டாள்தனம் என்று ஒதுக்க மனம் வரவில்லை. ஒரே மாதிரி கட்டிய இரண்டு சூழல்களில் ஒன்றைச் சோதித்துவிட்டு மற்றதை நம்புவது நம் தொழிலில் நடப்பதுதான். ஆனால் நாளாக ஆக அவை விலகும். ஒன்றில் கனெக்‌ஷன் பூல் (டேட்டாபேஸுக்குத் தயாராக வைத்திருக்கும் இணைப்புகள்) அளவை அவசரத்துக்கு யாரோ கூட்டியிருப்பார்கள். இன்னொன்றில் டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் நேர வரம்பு) பழையபடியே கிடக்கும். ஒரு பேட்ச் விட்டுப்போயிருக்கும். செட்டிங் கோப்புகளை வரிக்கு வரி ஒப்பிட்டாலே இவற்றில் பல சிக்கிவிடும். மீதிக்கு இரண்டையும் ஒருசேர ஓடவிட்டுச் சுமை ஏற்றியாக வேண்டும். ஒரு சென்டரில் லாகின் செய்தவரின் அடுத்த கிளிக் மற்றதற்குப் போனால் அவருடைய செஷன், அதாவது லாகின் நிலை, நிலைக்கிறதா? இரண்டும் ஒரே ரெக்கார்டைப் பூட்டப் பார்த்தால் என்ன ஆகிறது? தனித்தனியாகச் சோதித்தால் இது தெரியவே தெரியாது.

பழியைத் தேதி மேல் போட்டுவிடலாம். இந்தத் தோல்வியை ஆராய்ந்து 2019இல் வெளியான, ஸ்லாட்டர் அண்ட் மே என்ற சட்ட நிறுவனத்தின் அறிக்கையும், முடிவுத் தேதியிலிருந்து பின்னோக்கித் திட்டம் போட்டதைக் குறை சொல்கிறது. அப்படிப்பட்ட திட்டத்தில் டெஸ்டிங் கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். ஃபங்ஷனல் பிழைகளை (செயல்பாட்டில் உள்ள தவறுகளை) திருத்தி முடிக்கும் முன்பே லோடு டெஸ்ட் தொடங்கும். வரும் ரிசல்ட் பழைய பில்டுக்கு, அதாவது மென்பொருளின் முந்தைய பதிப்புக்கு, உரியதாக இருக்கும்.

ஆனால் 2017 நவம்பர் என்ற முதல் தேதியை அவர்கள் தள்ளித்தானே வைத்தார்கள்? கிடைத்த மாதங்களிலும் இரண்டாவது சென்டர் சோதனைக்குள் வரவில்லை. இன்னும் ஆறு மாதம் கொடுத்திருந்தால் வந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

தரத்துக்காகத் தேதியைத் தள்ளலாம் என்பவன்தான் நானும். இங்கே அது மட்டும் போதாது. செய்யாத டெஸ்ட் ஒவ்வொன்றும் சைன்-ஆஃப் தாளில் (லைவுக்குப் போக ஒப்புதல் தரும் தாளில்) தனி வரியாக ஏற வேண்டும்: எது ஓடவில்லை, ஏன், பிசகினால் யாருக்கு அடி, அந்த ஆபத்தை ஏற்றுக் கையெழுத்திட்டவர் யார். தேதி நெருக்கும்போது அந்த வரியை எழுதவிடுவார்களா என்பதுதான் என் சந்தேகம்.