ஒன்றரை மில்லிமீட்டர்

அளவு சரியாகத்தான் இருந்தது. 200 மில்லி வரையிலான மது பாட்டில் என்றால் எச்சரிக்கை எழுத்தின் உயரம் 1.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, அதற்கு மேல் என்றால் 3 மில்லிமீட்டர். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிமுறை, 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நாங்கள் அடித்தது குவார்ட்டர் லேபிள், 180 மில்லி. எழுத்து 1.5-ஐ விட மயிரிழை கூடுதலாகவே நின்றது.

அச்சுக்கு முன் மாதிரியைச் சரிபார்க்கும் புரூஃப் மேஜையில் இருக்கும் பெண் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணே, லென்ஸ் வச்சாத்தான் படிக்க முடியுது. கடையில பாட்டிலோட லென்ஸும் குடுப்பாங்களா?"

நானும் சிரித்தேன். "அளவு வருதா, அதைச் சொல்லும்மா."

"வருது."

"அப்ப ஓகே போடு."

போட்டாள். அச்சுப் பிளேட்டுக்குப் போனது. பேச்சு இவ்வளவுதான். அவள் அன்றே மறந்திருப்பாள்.

சிவகாசியில் அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. பார்ட்டி, அதாவது ஆர்டர் கொடுப்பவர், அனுப்பும் ஆர்ட்வொர்க்கில் நாம் கை வைக்கக் கூடாது. அதுவும் சரக்கு லேபிள் என்றால் ஆயத்தீர்வைத் துறை ஒப்புதல் கொடுத்த வடிவம். ஒரு கமா இடம் மாறினாலும் சரக்கு குடோனில் நிற்கும், கணக்கு நம் தலையில் விழும். இடம் காலியாக இருக்கிறதே என்று நானாக எழுத்தைப் பெரிதாக்கியிருந்தால் அதற்குப் பெயர் பொறுப்பில்லாத்தனம். இதைத்தான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொன்னது "அளவு வருதா" என்பதை மட்டும்.

உறுத்துவது வேறொன்று. அதே லேபிளில் தங்க ஃபாயில் முத்திரை அரை மில்லிமீட்டர் விலகி வந்தது. அதற்காக பார்ட்டியைப் போனில் பிடித்து, திருத்திய ஃபைல் வாங்கி, மறுபடி புரூஃப் எடுத்து அனுப்பினேன். ஆக, கை வைக்கவே முடியாத ஆர்ட்வொர்க் என்பது பாதி உண்மைதான். எச்சரிக்கை வாசகம் நாலு கலர் கலந்த அடர் மெரூனில் ரிவர்ஸாக, அதாவது எழுத்து மட்டும் காகித வெள்ளையாகத் தெரியும்படி, விடப்பட்டிருந்தது. அவ்வளவு பொடி எழுத்தை நாலு கலரிலிருந்து வெள்ளையாக எடுத்தால், ரிஜிஸ்டர், அதாவது கலர்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, கொஞ்சம் நகர்ந்தாலும் எழுத்தின் உள்வெளி அடைத்துக்கொள்ளும். சேர்ந்து ஆறு மாதமான பையனுக்கும் இது தெரியும். ஸ்வீட் பாக்ஸில் கடை போன் நம்பர் அப்படி வந்தால் கட்டாயம் கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன். நம்பர் தெரியவில்லை என்று கடைக்காரர் சண்டைக்கு வருவார். எச்சரிக்கை தெரியவில்லை என்று எந்தக் குடிகாரர் லேபிளைத் திருப்பி அனுப்பப் போகிறார்?

சரி, பெரிதாக இருந்தால் மட்டும் என்ன ஆகிவிடும்? 2016 ஏப்ரலிலிருந்து சிகரெட் அட்டையில் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம். எங்கள் பிரஸ் வாசல் டீக்கடையில் அந்தப் படத்தின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டுதான் அட்டையைத் திறக்கிறார்கள். இந்த வாதம் எனக்கு ரொம்ப நாள் போதுமானதாக இருந்தது.

பிறகு கனடாவின் யூகான் பகுதி பற்றிப் படித்தேன். 2017 நவம்பரில் ஒயிட்ஹார்ஸ் நகர அரசுக் கடையில், மது புற்றுநோயை உண்டாக்கும் என்று பளிச்சென்ற மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஒரு மாதத்துக்குள் மது நிறுவனங்கள் எதிர்த்து நிறுத்தவைத்தன. மறுபடி தொடங்கியபோது புற்றுநோய் வாசகம் இல்லை. லேபிள் ஒட்டிய சரக்கின் விற்பனை குறைந்ததாக ஆய்வாளர்கள் பின்னால் எழுதினார்கள். யாரும் படிக்கப் போவதில்லை என்றால் ஒரு ஸ்டிக்கருக்கு ஏன் அவ்வளவு பதற்றம்?

மதுபானத்தைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை சேர்த்தது 1988-ல். நாங்கள் அடிக்கும் வரியில் அந்தப் பேச்சே கிடையாது. உடல்நலத்துக்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள், அவ்வளவுதான். அது என் மேஜைக்கு வருமுன்பே முடிவான விஷயம். என் பங்கு எழுத்து அடைக்காமல் பார்ப்பது மட்டும்தான். அந்தச் சின்னப் பங்கைப் பெரிதாக நினைத்துக்கொள்கிறேனோ என்றும் தோன்றுகிறது.

அதே லேபிள் மறு ஆர்டருக்கு வந்தபோது, எச்சரிக்கையை வெளிர் பின்னணியில் தனிக் கறுப்பாகப் போடலாமே என்று பார்ட்டிக்கு எழுதினேன். காரணமாகச் சொன்னது அச்சுத் தரத்தை. குடிப்பவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒப்புதல் வாங்கிய ஆர்ட்வொர்க்கே போதும் என்று மறுநாள் பதில் வந்தது. எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்ததால்தான் தைரியமாக எழுதினேனோ என்னவோ.

அந்த மெயிலை அவளிடம் காட்ட நினைத்தேன். பக்கத்து மேஜைதான். காட்டியிருந்தால், நானும் கேட்டுப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளத்தான் காட்டியதாக இருக்கும். பழைய ஃபைலையே எடுத்து பிளேட் போடச் சொன்னேன். புரூஃப் வந்தது. அவள் அளந்து பார்த்து, ஒன்றும் கேட்காமல் ஓகே போட்டாள்.