மஞ்சப்பையைக் கவிழ்க்கச் சொன்ன நாள்

கிளினிக் திறந்த முதல் இரண்டு வருடம் பிரஷர் கூடினால் ஒரு மாத்திரை சேர்ப்பேன், அடங்காவிட்டால் இன்னொன்று. நோயைக் கண்டுபிடிக்கக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். கண்டுபிடித்த பிறகு வருஷக்கணக்கில் அந்த ஆளைக் கூடவே இருந்து பார்ப்பது எப்படி என்பதை ஒரு பாட்டியிடம்தான் கற்றேன்.

சின்னமனூர்ப் பக்கம் நடவுக்குப் போகிறவர், வயது 62. டெல்மிசார்ட்டான் 40 என்ற பிரஷர் மாத்திரையில் நன்றாகத்தான் இருந்தார். திடீரென்று ஒருநாள் 168/96. இன்னொரு பிரஷர் மாத்திரை, அம்லோடிபின் 5 சேர்த்தேன், அடுத்த மாதம் அதையே 10 ஆக்கினேன். அப்புறம் வந்தபோது இரண்டு கணுக்காலும் வீக்கம், அழுத்தினால் குழி விழுந்தது. தயங்காமல் ஃப்ரூஸெமைடு என்ற நீர் மாத்திரை எழுதினேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அம்லோடிபின் சின்னத் தமனிகளை விரிக்கும், சிரைகளை அந்த அளவுக்கு விரிக்காது. அதனால் நீர் கசிந்து காலில் இறங்கும். நீர் மாத்திரைக்கு அந்த வீக்கம் பெரிதாக வற்றாது. படித்த பாடம்தான். வரிசை வாசல்வரை நிற்கும்போது ஞாபகம் வரவில்லை.

மூன்று வாரத்தில், காலையில் எழுந்ததும் கிறுகிறுத்து விழுந்துவிட்டேன் என்று வந்தார். படுக்கவைத்துப் பார்த்தால் பிரஷர் 136. எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் 106. சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் முன்பு 0.9 இருந்தது, இப்போது 1.6.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா பாட்டி?"

"அதெல்லாம் இல்ல தம்பி. நீங்க குடுத்தது மட்டுந்தேன்."

முன்பும் கேட்டிருக்கிறேன், இதே பதில்தான். அன்று என்னவோ தோன்றி, மடியிலிருந்த மஞ்சப்பையை மேஜைமேல் கவிழ்க்கச் சொன்னேன். வெற்றிலை, சுண்ணாம்பு டப்பா, பஸ் டிக்கெட், மெடிக்கலில் கத்தரித்துக் கொடுத்த அட்டைத் துண்டு ஒன்று. டைக்ளோஃபெனாக். தினம் இரண்டு, நாலு மாதமாக.

"நீங்க பிரஷருக்குத்தேன கேட்டீங்க? இது முட்டிவலிக்கு."

அந்த வலி மாத்திரைதான் உப்பையும் நீரையும் தேக்கிப் பிரஷரை ஏற்றியிருக்கிறது, டெல்மிசார்ட்டானையும் மழுங்கடித்திருக்கிறது. அதன் தலையில் நான் நீர் மாத்திரை வேறு போட, மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தில் கைவைத்துவிட்டன.

டைக்ளோஃபெனாக்கையும் ஃப்ரூஸெமைடையும் நிறுத்தினேன், அம்லோடிபினை 5-க்கு இறக்கினேன், டெல்மிசார்ட்டானுக்கு ஒரு வாரம் ஓய்வு. முட்டிக்குப் பாரசிட்டமால், நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்கும் பயிற்சி. பயிற்சியைச் செய்தாரா என்பது அவருக்கே வெளிச்சம். மூன்று வாரம் கழித்து 134/82, கிரியாட்டினின் 1.0.

இப்போதெல்லாம் புது மாத்திரை எழுதுமுன் பை கவிழ்ந்தாக வேண்டும். ஆளுக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கிறது, வரிசையில் முணுமுணுப்பும் உண்டு. சரி, இருக்கட்டும். போன வாரம் ஒருவர் கவிழ்த்த பையில் பாதி அட்டைகள் அவர் மனைவிக்கு நான் எழுதியவை. கேட்டால், "ரெண்டு பேருக்கும் சுகர்தான டாக்டர்? எது முதல்ல கைக்கு வருதோ அதப் போட்டுக்குவோம்" என்றார்.