கில்ராய் நாட்குறிப்பு: பூண்டுக்கு ஒரு திருவிழா வந்த கதை

ஜூலை 6, 2025, ஞாயிறு

கலிபோர்னியாவில் நாங்கள் இருக்கும் கில்ராய் ஊரின் பூண்டுத் திருவிழா திரும்ப வருகிறது. இந்த மாதம் 25, 26, 27 தேதிகளில். 2019க்குப் பிறகு பழையபடி ஒரு திருவிழா இங்கே நடக்கவே இல்லை. இந்த முறை சின்னதாகத்தான் நடத்துகிறார்கள், ஒரு நாளைக்கு மூவாயிரம் பேருக்குத்தான் இடம். சனிக்கிழமைக்கு எங்களுக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது.

சான் ஹோசே பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு கில்ராய் என்றால் அவுட்லெட் கடைகள்தான். 101 நெடுஞ்சாலையில் தெற்கே வந்து, துணி, செருப்பு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். வரும் வழியில் காருக்குள் பூண்டு வாசனை ஏறும். அது முழுக்க வயலிலிருந்து வருவதில்லை. பூண்டையும் வெங்காயத்தையும் உலர்த்திப் பொடியாக்கும் ஆலை இங்கே பல காலமாக இருக்கிறது. இந்த வாசனையைப் பற்றி ஒரு காலத்தில் ஊர்க்காரர்கள் வெளியில் பேசவே கூச்சப்பட்டார்களாம். அந்தக் கூச்சம் எப்படிப் போனது என்பதுதான் இந்தத் திருவிழாவின் கதை. சனிக்கிழமை வருவதற்குள் தெரிந்ததையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 9, புதன்

கதை 1978இல் தொடங்குகிறது. இங்கிருக்கும் கேவிலன் கல்லூரியின் தலைவர் ரூடி மெலோன். இத்தாலிய வம்சாவளிக்காரர், வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர். பிரான்ஸின் வடபகுதியில் ஆர்லூ என்று ஒரு சிற்றூர் தன்னை உலகத்தின் பூண்டுத் தலைநகரம் என்று சொல்லிக்கொள்வதையும், அங்கே நடக்கும் பூண்டுத் திருவிழாவுக்கு 80,000 பேர் வருவதையும் படித்திருக்கிறார். அவருக்குப் பொறுக்கவில்லை. கில்ராயைச் சுற்றி விளைவதும் இங்கே பதப்படுத்துவதும் அதைவிட எவ்வளவோ அதிகம், அப்புறம் அந்தப் பட்டம் எப்படி அங்கே போகலாம்?

ஆர்லூவையும் குறைத்துச் சொல்லிவிட முடியாது. பூண்டைச் சரமாகப் பின்னி, நாள் கணக்கில் புகையில் தொங்கவிட்டுப் பக்குவம் செய்யும் ஊர் அது. அந்தப் புகைப்பூண்டுக்கு ஐரோப்பாவில் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. மெலோனுக்கு வந்த ரோஷம் நியாயமானதா என்று கேட்டால், எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. ரோஷத்தோடு நிறுத்தாமல் அவர் வேலையில் இறங்கினார், எனக்கு அது போதும்.

ஊரில் எடுத்த எடுப்பில் யாரும் தலையாட்டவில்லை. பூண்டை வைத்து ஊருக்குப் பெயர் வாங்குவதா என்ற தயக்கம். மெலோன் இரண்டு பேரைப் பிடித்தார். ஒருவர் டான் கிறிஸ்டோஃபர், 1956இல் கிறிஸ்டோஃபர் ரான்ச் என்ற பண்ணையைத் தொடங்கியவர். இன்னொருவர் வால் ஃபிலிச்சி. அவரும் விவசாயிதான், ஆனால் கூட்டத்துக்குச் சமைப்பதில் கெட்டிக்காரர். ரோட்டரி சங்கத்துக்காரர்களையும் பத்திரிகைகளில் சாப்பாடு பற்றி எழுதுபவர்களையும் அழைத்து, எல்லாவற்றிலும் பூண்டு போட்டு ஒரு மதிய விருந்து வைத்தார்கள். சாப்பிட்டு எழுந்தவர்களிடம் அதற்குப் பிறகு வாதாட வேண்டியிருக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

அம்மா போனில் சிரிக்கிறாள். "ஏண்டி, பூண்டுக்கு ஒரு திருவிழாவா? வடுகபட்டியில இறங்காத மூட்டையா? அங்க யாரு கொடி ஏத்துனா?"

எங்கள் ஊர் பெரியகுளம். வடுகபட்டிப் பூண்டுச் சந்தை பக்கத்தில்தான், கொடைக்கானல் மலைப்பூண்டும் அங்கே வந்துதான் விலை போகும். அம்மா கேட்பது சரியான கேள்வி. பூண்டு நிறைய வருவதால் மட்டும் ஒரு ஊரில் திருவிழா முளைத்துவிடாது. அதற்கு மெலோன் மாதிரி ஒருவர் வேண்டும், அவர் பேச்சைக் கேட்டு அடுப்பு மூட்ட ஒருவர் வேண்டும், நிலமும் பூண்டும் கொடுக்க ஒருவர் வேண்டும். கில்ராய்க்கு மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாய்த்தார்கள்.

ஜூலை 13, ஞாயிறு

முதல் திருவிழா 1979 ஆகஸ்டில், ஊருக்குத் தெற்கே ப்ளூம்ஃபீல்டு ரான்ச் என்ற பண்ணையில். ஐயாயிரம் பேர் வந்தாலே பெரிது என்று கணக்குப் போட்டிருந்தார்கள். பதினைந்தாயிரம் பேர் வந்துவிட்டார்கள்! நுழைவுச் சீட்டு தீர்ந்துபோய், உள்ளே வந்தவர்களிடம் வாங்கிய சீட்டுகளையே ஓடிப்போய்த் திரும்பக் கொடுத்து மறுபடி விற்றார்களாம். பியரும் தீர்ந்துபோனது.

பிறகு திருவிழா ஊருக்குள்ளேயே கிறிஸ்மஸ் ஹில் பூங்காவுக்கு வந்தது. நல்ல வருடங்களில் மூன்று நாளில் ஒரு லட்சம் பேர்வரை வந்தார்கள்.

சமையல் பகுதிக்குப் பெயர் கூர்மே ஆலி. வால் ஃபிலிச்சியின் ராஜ்ஜியம். திறந்த நெருப்பின் மேல் பெரிய இரும்புச் சட்டிகள், அதில் கணவாயும் இறாலும். எண்ணெயும் வைனும் சேரும்போது தீ ஆள் உயரத்துக்கு எழும்பும், கூட்டம் ஆர்ப்பரிக்கும். பக்கத்தில் பூண்டு ரொட்டி, பெஸ்டோ பாஸ்தா, குடைமிளகாய் போட்ட ஸ்டேக் சாண்ட்விச். இன்னொரு பக்கம் சமையல் போட்டி. வீட்டுச் சமையல்காரர்கள் தங்கள் செய்முறையை எழுதி அனுப்ப வேண்டும். அதிலிருந்து எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்து, திருவிழாவில் எல்லோர் முன்னாலும் சமைக்க வைப்பார்கள். ஜெயித்தவர் தலையில் பூண்டால் செய்த கிரீடம். உணவகம் நடத்துபவர்களுக்கு இல்லாமல் வீட்டில் சமைப்பவர்களுக்கு என்று இந்தப் போட்டியை வைத்தது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. வீட்டில் நாள்தோறும் சமைக்கிறவர்களுக்கு யார் கைதட்டுகிறார்கள்?

ஜூலை 15, செவ்வாய்

ஒரு பழைய கதை. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கில்ராயில் பூண்டு ராஜா என்று பெயர் வாங்கியவர் கியோஷி ஹிராசாகி, ஜப்பானிலிருந்து வந்தவர். சான்ஃபிரான்சிஸ்கோவில் 1939இல் தொடங்கிய உலகக் கண்காட்சி முடிந்ததும், அங்கிருந்த ஜப்பானியக் கூடத்தின் ஒரு பகுதியை வாங்கிவந்து தன் பண்ணையில் வீடாகக் கட்டிக்கொண்டார். திருவிழாக் கதை என்றதும் எல்லோரும் இத்தாலியக் குடும்பங்களைத்தான் சொல்கிறார்கள். இவரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

ஜூலை 19, சனி

பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், பழைய நாளில் வருடா வருடம் பாஸ்தா அடுப்பில் நின்றவர். இன்று மாலை வேலியோரம் நின்று நிறையப் பேசினார். அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் எனக்கு இந்தத் திருவிழாவின் உள்கட்டு விளங்கியது.

திருவிழாவை நடத்துவது லாபநோக்கமில்லாத ஒரு சங்கம். பழைய நாளில் வேலை செய்தவர்கள் நாலாயிரம் பேர்வரை, எல்லோரும் தன்னார்வலர்கள். கைக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் ஒவ்வொருவரும் ஏதாவது ஓர் அமைப்பின் பெயரில் வந்து வேலை செய்வார்கள்: பள்ளி வாத்தியக் குழு, நீச்சல் குழு, சாரணர், தேவாலயம், முதியோருக்கு உணவு கொடுக்கும் சங்கம். எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்று எழுதி வைத்து, அந்த நேரத்துக்கு ஏற்றபடி லாபத்திலிருந்து அந்தந்த அமைப்புக்குப் பணம் போகும். பெரியவர் நின்றது பள்ளி வாத்தியக் குழுவுக்காக. புதுக் கொம்பு வாத்தியங்கள் வந்தது அந்தப் பணத்தில்தானாம். அதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிட்டது.

இப்படி நாற்பது வருடத்தில் 1 கோடியே 10 லட்சம் டாலருக்கு மேல் இந்த ஊரின் பள்ளிகளுக்கும் சங்கங்களுக்கும் போயிருக்கிறது. நன்கொடை என்று யாரிடமும் கை நீட்டவில்லை. பணக்காரர் ஒருவர் செக் எழுதிப் பெயர் போட்டுக்கொள்ளவும் இல்லை. கோயில் அன்னதானத்தில் காய் நறுக்க உட்காரும் பெண்களுக்கு இருக்கும் உரிமை உணர்வு இந்தப் பெரியவரிடம் தெரிந்தது. என் திருவிழா என்றுதான் பேசினார். தர்மத்துக்கு நிதி திரட்ட இதைவிட நேர்மையான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

ஜூலை 22, செவ்வாய்

எழுதாமல் தள்ளிப்போட்ட பகுதி.

2019 ஜூலை 28, திருவிழாவின் கடைசி நாள். மாலை, முடியப்போகும் நேரம். வேலியை வெட்டி உள்ளே வந்த ஒருவன் சுட்டான். மூன்று பேர் இறந்தார்கள். ஆறு வயதுப் பையன், பதின்மூன்று வயதுப் பெண், இருபத்தைந்து வயது இளைஞர். பலருக்குக் காயம். அதைச் சொல்லும்போது பெரியவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் மேலே கேட்கவில்லை.

அடுத்து கொரோனா. 2021இல் காரில் வந்து சாப்பாடு வாங்கிப் போவது மாதிரி ஓர் ஏற்பாடு செய்தார்கள். 2022 ஏப்ரலில், காப்பீட்டுச் செலவைத் தாங்க முடியாது, இனி எப்போது என்று சொல்ல முடியாது என்று சங்கமே அறிவித்துவிட்டது. அந்த வருட டிசம்பரில் டான் கிறிஸ்டோஃபரும் காலமானார். மெலோனும் ஃபிலிச்சியும் அதற்கு முன்பே போய்விட்டார்கள்.

பூண்டே வேறு பிரச்சினையில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் சீனப் பூண்டு அடிமாட்டு விலையில் வந்து குவிந்தது. 1994இல் அமெரிக்க அரசு அதன்மேல் 376 சதவீதத்துக்கு மேல் வரி போட்டது. மண்ணில் பரவிய வெள்ளை அழுகல் நோயும் சேர்ந்து, பூண்டுச் சாகுபடி பெரும்பாலும் கலிபோர்னியாவிலேயே ஃபிரெஸ்னோ என்ற ஊர்ப் பக்கம் போய்விட்டது. கில்ராயில் இன்று அதிகம் நடப்பது தரம் பிரிப்பது, உரிப்பது, அனுப்புவது. இருந்தும் இது பூண்டு ஊராகவே இருப்பதற்குக் காரணம் திருவிழா என்று நினைக்கிறேன்.

ஜூலை 26, சனி

போய்வந்தோம். கில்ராய் கார்டன்ஸ் என்ற பொழுதுபோக்குப் பூங்காவின் பக்கத்தில் மரங்கள் அடர்ந்த தோப்பு. கூட்டம் அளவாக இருந்தது, நிழல் இருந்தது. வாசலில் பையைச் சோதித்துத்தான் விடுகிறார்கள், யாரும் முகம் சுளிக்கவில்லை.

சட்டியில் தீ எழும்பியபோது பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் அழுதுவிட்டார். எனக்கும் தொண்டை அடைத்தது. இறாலில் பூண்டு தாராளம், எலுமிச்சை தூக்கல். காரம்தான் கொஞ்சம் போதாது நம் நாக்குக்கு. பூண்டு ஐஸ்க்ரீமை என் பையன் இரண்டாவது முறை கேட்டு வாங்கினான், நான் ஒரு வாயோடு நிறுத்திக்கொண்டேன்.

பரிமாறிய பிள்ளைகளில் பலர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். 2019இல் இவர்கள் சிறு பிள்ளைகள். பழைய ஆட்கள் பின்னால் நின்று எப்போது கிளற வேண்டும், எப்போது தள்ளி நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூவாயிரம் பேரோடு நிறுத்தியது ரொம்பச் சரி. இன்னும் சில வருடம் இந்த அளவிலேயே இருக்கட்டும், அதற்குள் இந்தப் பிள்ளைகளுக்குக் கை பழகிவிடும்.

ஜூலை 28, திங்கள்

வாங்கிவந்த பூண்டுச் சரத்திலிருந்து ஒரு கை எடுத்துக் குழம்பு வைத்தேன். பல் பெரிது, தோல் லேசில் உரிகிறது. மலைப்பூண்டின் காட்டம் கிடையாது, நல்லெண்ணெயில் கூடுதலாக வதக்க வேண்டியிருந்தது. ஒரு கிண்ணம் பெரியவர் வீட்டுக்கும் போனது. இன்று என்ன தேதி என்று இருவருக்குமே தெரியும்.

அடுத்த வருடம் பாஸ்தா அடுப்புக்கு ஆள் வேண்டியிருக்குமாம், என் பெயரைச் சொல்லட்டுமா என்று கேட்டார். சொல்லுங்கள் என்றேன். எந்த அமைப்பின் பெயரில் நிற்பது என்று அவரே கேட்டுவிட்டு, பள்ளி வாத்தியக் குழு என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.