முதல் சொல்தான் எழுவாயா? ஏழாம் வகுப்பு நாட்குறிப்பு

16.06.2025, திங்கள்

இன்று ஏழாம் வகுப்பில் போர்டில் ஒரே ஒரு வாக்கியம் எழுதினேன்: "எஸ்டர்டே மை பிரதர் ப்ரோக் தி விண்டோ." எழுவாயை வட்டமிடச் சொன்னேன். பாதிக்கு மேற்பட்ட நோட்டுகளில் "எஸ்டர்டே" வட்டத்துக்குள் இருந்தது.

"முதல்ல வர்றதுதான் சப்ஜெக்ட், மிஸ்" என்றான் ஒரு பையன், வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல. அவனைக் குறை சொல்ல முடியாது. இதுவரை அவன் பார்த்த பயிற்சி வாக்கியங்கள் எல்லாம் "தி பேர்டு சிங்ஸ்" மாதிரியானவை. அங்கே அந்த விதி ஒரு தடவைகூட அவனைக் கைவிட்டிருக்காது.

"செயலைச் செய்பவரே எழுவாய்" என்று இன்னொரு வரியை மனப்பாடம் செய்யவைத்தால் அதுவும் இப்படித்தான் ஒருநாள் காலை வாரும். நாளை எழுவாயை விட்டுவிட்டு வினைச்சொல்லிலிருந்து தொடங்கப்போகிறேன்.

17.06.2025, செவ்வாய்

வினையைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வழி சொன்னேன். காலத்தை மாற்றிப் பார், எந்தச் சொல் மாறுகிறதோ அதுதான் வினை. "ஷி வாக்ஸ் டு ஸ்கூல்" நேற்றைய கதையானால் "ஷி வாக்டு டு ஸ்கூல்". மற்றதெல்லாம் அப்படியே இருக்க, ஒரு சொல் மட்டும் மாறியது. பத்து வாக்கியங்களை வேகமாக முடித்தார்கள்.

அப்புறம் "தி கேர்ள் இஸ் டால்" எழுதினேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. "இதுல வெர்பே இல்ல மிஸ். யாரும் ஒண்ணும் செய்யலையே" என்றாள் ஒருத்தி.

நான் எதிர்பார்த்த பதில்தான், காரணமும் தமிழிலேயே இருக்கிறது. "அந்தப் பெண் உயரம்", "அவர் டாக்டர்" என்பவை நமக்கு முழு வாக்கியங்கள். பெயரே பயனிலையாக நிற்கும், வினை தேவையில்லை. ஆங்கிலம் அதை ஒத்துக்கொள்ளாது. அதனால்தான் "ஹி டாக்டர்" என்று எழுதும் பிள்ளையை நான் கவனக்குறைவு என்று திட்டுவதில்லை. தன் மொழியின் விதியை அவன் சரியாகத்தான் பின்பற்றியிருக்கிறான். இதை வகுப்பிலும் சொன்னேன். சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"சரி, அவள் சின்ன வயதிலும் உயரமாக இருந்தாள் என்றால்?" "வாஸ்!" என்றாள் அதே பெண். அடுத்த நொடியே, "அப்போ இஸ்தான் வெர்ப்!"

வினை கையில் கிடைத்ததும் திங்கட்கிழமை வாக்கியத்துக்குத் திரும்பினோம். "ப்ரோக்" என்ற சொல்லிடமே கேட்கச் சொன்னேன். உடைத்தது யார்? "மை பிரதர்." எதை? "தி விண்டோ." பாவம் "எஸ்டர்டே", அது எப்போது என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

19.06.2025, வியாழன்

இந்த வாரத்தின் நல்ல நாள் இது.

"நாய்", "பூனையை", "துரத்தியது" என்று மூன்று அட்டைகளை எழுதி மூன்று பேரிடம் கொடுத்து முன்னால் நிற்கவைத்தேன். இடம் மாறி மாறி நிற்கச் சொன்னேன். "பூனையை நாய் துரத்தியது." "துரத்தியது நாய் பூனையை." எப்படி நின்றாலும் ஓடுவது பூனைதான். பிறகு ஆங்கில அட்டைகள்: "தி டாக்", "சேஸ்டு", "தி கேட்". ஓரங்களில் நின்ற இருவரும் இடம் மாறியதும் வகுப்பே சிரித்தது. இப்போது பூனை நாயைத் துரத்துகிறது.

ஏன் இப்படி என்று கேட்டேன். கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பையன் மெதுவாக, "அவங்ககிட்ட 'ஐ' இல்லையா மிஸ்?" என்றான்.

அவன் சொன்னது இரண்டாம் வேற்றுமை உருபு. தமிழ் வகுப்பில் படித்ததை இங்கே கொண்டுவந்திருக்கிறான். பக்கத்தில் இருந்தவன், "ஐ இருக்கே, ஐ ஆம் எ பாய்" என்று குறுக்கிட, இரண்டு நிமிடம் ஒரே குழப்பம். அதுவும் நல்லதாகப் போயிற்று. அந்த ஆங்கில "ஐ" எழுவாயாக நிற்கும்போது மட்டும்தான் "ஐ", செயப்படுபொருளானால் "மி". "ஹி", "ஹிம்" ஆகும். "ஷி", "ஹெர்" ஆகும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களும், அவற்றின் முன்னால் வந்த "தி"யின் பழைய வடிவங்களும் வேற்றுமைக்கு ஏற்ப உருமாறிக்கொண்டிருந்தன. அந்த விகுதிகள் தேய்ந்துபோக, யார் துரத்தியது என்பதைக் காட்டும் வேலையைச் சொல் நிற்கும் இடமே எடுத்துக்கொண்டது. "ஹிம்" மாதிரியானவை அந்தக் காலத்தின் மிச்சங்கள்.

தமிழில் சொல்லின் வால் சொல்வதை ஆங்கிலத்தில் நாற்காலி சொல்கிறது என்று போர்டில் எழுதினேன். வினைக்கு முந்தைய நாற்காலி, பிந்தைய நாற்காலி. இனி இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துவேன்.

23.06.2025, திங்கள்

அந்த நாற்காலியில் ஒரு சொல்தான் உட்கார வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். "தி பாய் இன் தி லாஸ்ட் ரோ இஸ் ஸ்லீப்பிங்" என்ற வாக்கியத்தில் சிலர் "பாய்" மட்டும், சிலர் "ரோ" மட்டும் எடுத்தார்கள். "ஹி" போட்டுப் பாருங்கள் என்றேன். "ஹி இஸ் ஸ்லீப்பிங்." "ஹி" வந்ததும் எத்தனை சொற்கள் காணாமல் போயினவோ அத்தனையும் சேர்ந்துதான் எழுவாய்.

அடுத்தது "தி கீஸ் டு தி கப்போர்டு ஆர் மிஸ்ஸிங்." அலமாரி பக்கத்தில் நிற்பதால் "இஸ்" என்று எழுதியவர்கள் பலர். "தே" போட்டுப் பார்த்துத் தாங்களே திருத்திக்கொண்டார்கள். எழுவாய் ஒருமையிலிருந்து பன்மைக்குப் போனால் நிகழ்கால வினையும் கூடவே மாறும் என்பதை இங்கேதான் சொன்னேன்: "தி பாய் ரன்ஸ்", "தி பாய்ஸ் ரன்". பெயரில் "எஸ்" வந்தால் பலர், வினையில் "எஸ்" வந்தால் ஒருவர். இது பழக நாளாகும். அவசரப்படுத்தவில்லை.

25.06.2025, புதன்

இன்று "இஸ் ரெய்னிங்" என்று ஆறேழு நோட்டுகளில். "வந்தேன்" என்றாலே நமக்கு "நான்" உள்ளே இருக்கிறது, தோன்றா எழுவாய். ஆங்கிலத்தில் "ஓபன் தி டோர்" போன்ற கட்டளை தவிர, அந்த முன் நாற்காலியைக் காலியாக விடக்கூடாது. உட்கார ஆள் இல்லையென்றால் "இட்" வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். "அந்த இட் யாரு மிஸ், மேகமா?" என்றாள் ஒருத்தி. யாருமில்லை என்றேன். ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டே இருந்தாள்.

இன்னொரு நோட்டில் "மேத்ஸ் லைக் மி" என்று இருந்தது. "எனக்குக் கணக்கு பிடிக்கும்" என்பதில் உருபில்லாமல் நிற்பது கணக்குதானே? எழுவாய் உருபேற்காது என்று படித்த பிள்ளை அதைத் தூக்கி முன் நாற்காலியில் வைத்துவிட்டான். சிந்தித்துச் செய்த தப்பு. எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்கு வேண்டும் எல்லாவற்றிலும் இந்த "எனக்கு" ஆங்கிலத்துக்குப் போகும்போது "ஐ" ஆகிவிடும். இதற்குத் தனியாக ஒரு பீரியட் வேண்டும்.

27.06.2025, வெள்ளி

"ஷி மெட் எ டாக்டர்." "ஷி பிகேம் எ டாக்டர்." இரண்டிலும் பின் நாற்காலியில் டாக்டர்தான். இரண்டும் ஒன்றா? விளக்காமல் படம் வரையச் சொன்னேன். முதல் வாக்கியத்துக்கு இரண்டு குச்சி மனிதர்கள், இரண்டாவதற்கு ஒருத்தி மட்டும். அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பெண் தமிழிலேயே சோதித்துக் காட்டினாள்: "டாக்டரைப் பார்த்தாள்னு சொல்லலாம். டாக்டரை ஆனாள்னு சொல்ல முடியாது."

1877-இல் அமெரிக்காவில் ரீட், கெல்லாக் என்ற இருவர் தங்கள் இலக்கணப் பாடநூலில் கோடுகளால் வாக்கியத்தை வரைந்து காட்டினார்கள். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில், படுக்கைக் கோட்டைக் குறுக்கே வெட்டும் செங்குத்துக் கோடு. செயப்படுபொருளுக்கு முன் அதன் மேலேயே நின்றுவிடும் சின்னக் கோடு. "பிகேம்" மாதிரியான வினைக்குப் பின் வரும் சொல்லுக்கு முன்னால் எழுவாய் பக்கம் சாய்ந்த கோடு. அந்தச் சாய்ந்த கோட்டைப் போர்டில் போட்டதும், "அது திரும்பி அவளையே காட்டுது" என்றாள் குச்சி மனிதர்கள் வரைந்த சிறுமி ஒருத்தி.

01.07.2025, செவ்வாய்

பாடம் தொடங்கும் முன்பே திங்கட்கிழமைப் பையன் எழுந்து நின்றான், முதல் நாள் "எஸ்டர்டே"வை வட்டமிட்டவன். ஒரு கதையில் "ஹியர் கம்ஸ் தி பஸ்" என்று படித்தானாம். "நாற்காலி தப்பா இருக்கு மிஸ். பஸ் பின்னாடி உட்கார்ந்திருக்கு. ஆனா அதுதான் சப்ஜெக்ட்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். போர்டுக்கு வந்து சாக்பீஸை எடுத்தான். "பஸ்" என்பதைப் பன்மையாக்கினான். கொஞ்சம் நின்று, திரும்பிப் போய் "கம்ஸ்" என்பதன் கடைசி எழுத்தைக் கையாலேயே அழித்தான்.