வென்ட்வொர்த் குதிரை லாயத்துக்கு ஒருவழியாகக் கரி ஏறிவிட்டது

நான் செய்துகொண்டிருக்கும் மாதிரிக் கட்டடத்தின் முகப்புச் சுவர் முழுக்க நிறம் பிடித்துவிட்டது. சந்தோஷம் தாங்கவில்லை, அதனால்தான் மற்ற மூன்று பக்கமும் வெள்ளையாக நிற்கும்போதே எழுதுகிறேன்.

தெற்கு யார்க்‌ஷயரில், ராதர்ஹாம் பக்கத்தில் இருக்கும் வென்ட்வொர்த் உட்ஹவுஸ் எஸ்டேட்டின் லாயம் இது. மாதிரி 1:148 அளவு, அதாவது நிஜத்தில் 148-ல் ஒரு பங்கு. இரண்டு முறை பிரதமராக இருந்த ராக்கிங்ஹாம் பிரபுவுக்காகக் கட்டடக் கலைஞர் ஜான் கார் நிஜ லாயத்தை வடிவமைத்தார். 1766-ல் வேலை தொடங்கியது. 84 குதிரைகளுக்கு இடம். புதிதாக வருகிறவர்கள் இதையே மாளிகை என்று நினைத்துவிடுவார்களாம். முகப்பைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். போர்டு வெட்டியது, ஜன்னல் ஒட்டியது எல்லாம் வழக்கமான வேலைதான், விட்டுவிடுகிறேன்.

கல் நிறம்தான் உயிரை வாங்கும் இடம். பழைய ஆங்கிலக் கட்டடம் என்றாலே நம்மில் பலர் வெளிர் நிறம் அடித்து, மேலே கருப்பு வாஷ் (நீர்க்கக் கரைத்த பெயிண்ட்) ஓடவிடுகிறோம். வாஷ் போய்க் கார்னிஸுக்கு (சுவர் உச்சியில் துருத்தி நிற்கும் விளிம்பு) அடியிலும் மூலைகளிலும் தேங்கும். லண்டன் சுண்ணாம்புக் கல்லுக்கு அது சரி: மழை படும் இடத்தில் கல்லின் மேற்பரப்பு கரைந்து வெளுக்கும், மறைவிடத்தில் கரி தங்கும். இது மணற்கல். மழைக்கு அப்படிக் கரையாது. நிலக்கரிப் புகை மழை படும் இடம், படாத இடம் என்று பார்க்காமல் சுவர் முழுக்கப் பிடித்துக்கொள்ளும். எனவே வாஷ் இங்கே ஆகவே ஆகாது.

நான் தலைகீழாகப் போனேன். முதலில் பர்ன்ட் அம்பரும் (கரும்பழுப்பு) கருப்பும் கலந்து முழுச் சுவருக்கும். நன்றாகக் காய்ந்தபின் யெல்லோ ஆக்கரில் (மண் மஞ்சள்) கொஞ்சம் சாம்பல் நிறம் சேர்த்து, ஸ்பாஞ்சை டிஷ்யூவில் ஒற்றி ஒற்றி, நிறம் இருக்கிறதா இல்லையா என்ற நிலையில் தட்ட வேண்டும். தேய்க்கக் கூடாது. நாலைந்து கல்லுக்கு ஒரு கல்லை மட்டும் தனியாகக் கொஞ்சம் வெளிறவிட்டால் சுவருக்கு உயிர் வருகிறது.

பளபளப்பே இல்லாமல் காய வேண்டிய மேட் வார்னிஷ் மட்டும் எரிச்சல். கடைசியாக வாங்கிய பாட்டில் காய்ந்தபின் பளபளக்கிறது. வேறு கடைதான் பார்க்க வேண்டும்.

முற்றத்தில் விசில்ஜாக்கெட்டை நிறுத்த ஆசை இருந்தது, ராக்கிங்ஹாமின் அந்தப் புகழ்பெற்ற பந்தயக் குதிரை. ஆனால் ஓவியர் ஸ்டப்ஸ் அதை வரைந்தது 1762 வாக்கில், லாயத்துக்கே முன்னால். இவ்வளவு கரி படிந்த சுவருக்கு முன்னால் அது பொருந்தாது. 1950-கள் என்று முடிவு செய்துவிட்டேன்: அப்போது இங்கே லேடி மேபல் உடற்பயிற்சிக் கல்லூரி நடந்தது. ஹாக்கி மட்டையோடு ஆறேழு மாணவிகள் போதும். உருவங்களுக்கு ஆர்டர் போட்டாயிற்று. கூரைமேல் வரும் குவிமாடக் கூண்டை இன்னும் வெட்டவே ஆரம்பிக்கவில்லை.