சித்தப்பாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு

நேத்து பொழுதோட கோபியில சித்தப்பா ஊட்டுக்குப் போயிருந்தனுங்க. போனுல ஒரு ஃபேஸ்புக் பேஜோட வீடியோவைக் காட்டி, மஞ்சளுக்கு வெலை இல்லாததுக்கு இன்னாருதான் காரணம், "ஊரே இதைத்தான் பேசுது கண்ணு"ங்கறாரு. சரின்னு என் போனைத் தொறந்து அதே பேஜைத் தேடுனா எனக்கு மேல நிக்கறது திருப்பூர் பனியன் கம்பெனில வேலை போனதைப் பத்தி வேற வீடியோ, மஞ்சள் பேச்சே இல்லீங்க. ரெண்டுலயும் பேருக்குக் கீழ பொடி எழுத்துல 'ஸ்பான்சர்டு'ன்னு, அதாவது காசு குடுத்துப் போட்ட விளம்பரம்னு இருக்குது, கண்ணாடி போட்டும் சித்தப்பாவுக்குத் தெரியலை.

ஊரு பேசலை, காசு பேசுது, அவ்வளவுதான். வயசு, ஊரு, எதுல இஷ்டம்னு பிரிச்சு ஆளுக்குத் தக்கன தூண்டில் போடறாங்க. எது ரொம்ப கோவத்தைக் கிளப்புதோ அதுக்கு இன்னும் நாலு காசு கூடப் போடுவாங்க. மேடையில பேசுனா எதிராளி மறுநாளே பதில் சொல்லலாம், சித்தப்பா போனுக்குள்ள மட்டும் ஓடறதுக்கு யாருங்க பதில் சொல்லறது?

ஃபேஸ்புக்குல இருக்கறவங்க தகவலை எடுத்து தேர்தல் பிரச்சார வேலை பண்ணுன கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாங்கற கம்பெனியோட விசயம் 2018ல வெளிய வந்தப்ப, 8.7 கோடிப் பேரு வரைக்கும் தகவல் அவங்க கைக்குப் போயிருக்கலாம்னு ஃபேஸ்புக்கே ஒத்துக்கிச்சு. அடுத்த வருசம் அமெரிக்காவுல ஃபேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் அபராதம். நாம அதை எங்கியோ நடந்ததுன்னு ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிட்டோம்.

ஃபேஸ்புக்கை நடத்தற மெட்டா கம்பெனியோட ஆட் லைப்ரரின்னு ஒரு விளம்பரப் பட்டியல் இருக்குது, யார் வேணாலும் பாக்கலாம், அரசியல் விளம்பரம்னா காசு குடுத்தது யாரு, சுமாரா எவ்வளவு, எந்த வயசுக்காரங்க பாத்தாங்கன்னு வரும். சித்தப்பாவுக்குக் காட்டுனேன். அந்த பேஜுக்குக் காசு கட்டுனதா ஒரு பேரு, ஒருத்தருக்கும் தெரியாத பேரு.

"அப்ப மஞ்சள் வெலை?"ங்கறாரு 😄