சீட் போஸ்ட் இன்னும் உள்ளேயே இருக்கிறது

பழைய சைக்கிளின் ஸ்டீல் ஃப்ரேமைக் கையில் எடுத்தால் ஃபிக்ஸட் கப் (பெடல் அச்சைத் தாங்கும் வலப்பக்க பேரிங் கிண்ணம்) உயிரை வாங்கும் என்றுதான் எல்லோரும் பயமுறுத்துவார்கள். எனக்கு அது போல்ட், நட், வாஷர் போட்டு இறுக்கித் திருப்பியதில் சமர்த்தாகக் கழன்று வந்துவிட்டது (பிஎஸ்ஏ எனும் பிரிட்டிஷ் மரை, அந்தப் பக்கம் கழற்ற வலமாகச் சுற்ற வேண்டும், தெரிந்ததுதான்). படுத்துவது சீட் போஸ்ட், சீட்டைத் தாங்கும் தண்டு.

ஸ்டீல் குழாய்க்குள் அலுமினிய போஸ்ட். கிரீஸ் என்ற ஒன்றையே காணாமல் வருடக்கணக்கில் மழையும் வியர்வையும் இறங்கியதில் அலுமினியம் அரித்து, அந்த வெள்ளைப் பொடி உலோகத்தைவிட அதிக இடம் பிடித்துக்கொண்டு ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிட்டது. துரு இளக்கும் எண்ணெயை மேலேயிருந்து விட்டேன், ஃப்ரேமைத் தலைகீழாக நிறுத்தி பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு உட்காரும் குழாய்) வழியாகவும் விட்டேன். அசையவில்லை. அமோனியாவில் கண்ணெரிச்சல்தான் மிச்சம். சூடாக்கலாம் என்பவர்களுக்கு ஒன்று: அலுமினியம் ஸ்டீலைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், சூட்டில் இன்னும் இறுகத்தான் செய்யும், ஆறும்போது பிடி விட்டால் உண்டு. விடவில்லை. கடைசியில் போஸ்ட்டின் தலையை வைஸில் கவ்வவிட்டு ஃப்ரேமையே நெம்புகோலாக்கித் திருப்பினேன், தலை மட்டும் முறிந்து வைஸோடு தங்கிவிட்டது.

காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைத்துவிடும், ஸ்டீலை ஒன்றும் செய்யாது. ஆனால் பெயிண்ட்டை உரித்துவிடும், ஹைட்ரஜன் வேறு கிளம்பும். பழைய ஸ்டிக்கர்களைக் காப்பாற்ற வேண்டும் என்று உட்கார்ந்திருப்பவனுக்கு அது ஒத்துவராது.

ஆக, ஹேக்சா பிளேடுதான். ஒரு முனையில் துணி சுற்றி, பல் நம்மைப் பார்க்கும்படி பிடித்து, போஸ்ட்டின் உள்ளே விட்டு அதன் சுவரை நெடுக, இழுக்கும்போது மட்டும் அறுக்க வேண்டும், தள்ளினால் பிளேடு வளைந்துவிடும். அங்குலத்துக்கு 32 பல் உள்ள பிளேடு வேண்டவே வேண்டாம், அலுமினியத் தூள் பல்லிடுக்கில் அப்பிக்கொண்டு வழுக்க ஆரம்பித்துவிடும். 18 பல்லும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போதும். சிக்கலே ஆழம்தான்: மேலே அறுபட்டிருக்கும், அடியில் பாதிகூட இறங்கியிருக்காது, அதனால் அடிக்கடி டார்ச் அடித்துப் பார்க்கிறேன். மெத்தென்று போய்க்கொண்டிருக்கும் பிளேடு கீச்சென்றால் ஸ்டீலைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம், உடனே நிறுத்திவிட வேண்டும். ஒரு கீறல் முழுசாக இறங்கிவிட்டது. எதிர்ப்பக்கம் இன்னொன்று போட்டால் பிளையரால் உள்பக்கமாகச் சுருட்டி எடுத்துவிடலாம்.

இதற்குள் புது போஸ்ட் தேட ஆரம்பித்துவிட்டேன். 27.2 மில்லிமீட்டர் விட்டம் எங்கும் கிடைக்கும், 26.8 கேட்டால் விற்பவர்கள் 'ஷிம் போட்டுக்கோங்க சார்' என்கிறார்கள், அதாவது மெலிந்த போஸ்ட்டைச் சுற்றி இடைவெளியை நிரப்பும் தகடு. அரை மில்லிமீட்டர்கூட இல்லையே என்று நினைப்பவர்கள் தயவுசெய்து ஸ்டீல் ஃப்ரேமுக்குப் போஸ்ட் விற்க வராதீர்கள். என்னுடையது எந்த அளவு என்பது போஸ்ட்டின் அடிப்பாகத்தில் பொறித்திருக்கும், அதுவோ உள்ளே மாட்டியிருக்கிறது. பின் சக்கர அச்சு உட்காரும் டிராப்அவுட்டுகளின் இடைவெளி 126 மில்லிமீட்டர், வாங்கி வைத்த ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) 130. அதை விரிப்பது தனிக் கதை. முதலில் எதிர்க் கீறலுக்குப் புது பிளேடு வாங்க வேண்டும், இருந்தது மொட்டையாகிவிட்டது.